ஐம்பது டிகிரிக் குளிர்

போன வாரம் குடைக்கு ஒரு கம்பி மாற்றுவதற்காகப் பதுளை பஜாருக்குப் போனேன். குடை போனபடியே திரும்பி வந்தது; கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வந்தது. ஒன்றுக்குப் போய் இன்னொன்றோடு வருவது என் பிறவிக் குணம். ஆனால் இந்தத் தடவை குற்றம் என்னுடையதில்லை, காதர் மரைக்காயர் கடையின் வாசனையுடையது. மடித்து அடுக்கிய கம்பளியும் நடுநடுவே போட்ட பூச்சி உருண்டையும் சேர்ந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், அது மூக்கில் ஏறிவிட்டால் என் கால் என் பேச்சைக் கேட்காது.

பெரியவர் காலமாகி, இப்போது மகன்தான் கடையில் உட்கார்ந்திருக்கிறார். "வாங்கய்யா, இதப் பாத்தீங்களா? கொழும்புல இருந்து நேத்துத்தான் ரயில்ல வந்து எறங்குச்சு" என்று ஒரு மரப்பலகையை எடுத்து நீட்டினார். பலகையின் நடுவே பாதரசம் ஏறி இறங்குகிற கண்ணாடிக் குழாய். குழாய்க்கு இடப்பக்கம் இங்கிலீஷ்காரர்களின் டிகிரி, வலப்பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் டிகிரி. ஒரே பலகையில் இரண்டும்! எனக்குக் கடையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று மகன் விழித்தார். புரிந்துகொண்டு கூடச் சிரிக்க அவருடைய வாப்பா இல்லையே என்று மனசு ஒரு நிமிஷம் கஷ்டப்பட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தேன். தையல்நாயகி என்று பெயர். தையல் என்று கூப்பிடுவேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அட, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டானா? இனிமே நாம எத வச்சுச் சண்ட போடுறதாம்?"

நியாயமான கேள்வி. கல்யாணமான நாள் முதல் எங்கள் வீட்டில் பொழுது விடிவதே அந்தச் சண்டையில்தான். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள், முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பதுளைக் குளிரைக் குளிர் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு சால்வை போட்டால் ஓடிவிடுகிற குளிர் ஒரு குளிரா? நான் வேலைக்குச் சேர்ந்தது அப்புத்தளையில், மலை முகட்டிலிருந்து ஹல்துமுல்லைப் பக்கம் சரிந்து இறங்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அங்கே குளிர் தனியாக வராது, காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். தை மாதத்துக் காலையில் கதவைத் திறந்தால் மூடுபனி அழைக்காத விருந்தாளி மாதிரி நேரே உள்ளே வந்து படுக்கையில் உட்கார்ந்துகொள்ளும். பல் தேய்க்கத் தண்ணீரை வாயில் விட்டால் பல் இருக்கிறதா போய்விட்டதா என்று விரலால் தொட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வரிசை வீடுகளில் இருந்த லயத்துச் சனங்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவர்கள் குளிரைக் கம்பளியால் அளந்தார்கள். விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் சேரும்போதே பேச்சு காதில் விழும். "என்னாடி, இன்னைக்கு ரெண்டு கம்பளிக் குளிரு போல!" "எனக்கு ஒண்ணே போதும், நீ கெழவியாயிட்ட!" சாதாரண நாள் ஒரு கம்பளி. காற்று கிளம்பினால் இரண்டு. மூன்று கம்பளிக் குளிர் என்றால் அடுத்த வீட்டுக் கம்பளியைக் கடன் கேட்கிற குளிர். அன்றைக்குத்தான் பழைய சண்டைகள் எல்லாம் ராசியாகும். மழையில் நனைந்த கம்பளி வாசனை உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. ஆட்டுக்கிடையும் அடுப்புப் புகையும் சேர்ந்தது மாதிரி இருக்கும். நல்ல வாசனை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்குப் பிடிக்கும்.

வீட்டுப் பெண்களுக்கு இன்னொரு அளவு இருந்தது, தேங்காயெண்ணெய். போத்தலைக் கவிழ்த்தால் மெதுவாக இறங்குகிறதா, விரலை விட்டுத் தோண்ட வேண்டியிருக்கிறதா, கரண்டிக் காம்பால் குத்த வேண்டியிருக்கிறதா என்று பார்த்தே அன்றைக்குக் குளிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். சூடேறிய தேங்காயெண்ணெய் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்த வீட்டுச் சமையலறைதான். இந்த எண்ணெய்ப் போத்தலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தக் காலத்தில் ஆளுக்கு ஓர் அளவுதான். தோட்டத்தில் கொழுந்தை றாத்தலில் நிறுத்தோம், அரிசியைப் புசலில் அளந்தோம், தூரத்தைக் கட்டையில் சொன்னோம். கீழே சிங்களக் கிராமத்தில் தூரத்துக்கு ஒரு அளவு உண்டு. ஹூ என்று ஒருவர் கூவினால் எதுவரைக்கும் கேட்குமோ அது ஒரு ஹூ தூரம். பலாப்பழம் வாங்கக் கிளம்பி ஒரு பெரியவரிடம் வழி கேட்டேன். ஒரு ஹூ தூரந்தான் என்றார். நடந்தேன், நடந்தேன், பொழுது சாயும் வரைக்கும் நடந்தேன். அவருக்கு எப்பேர்ப்பட்ட தொண்டையோ, மகராசன்!

நான் தொழிற்சாலையில் டீமேக்கர். இலையை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, சூட்டுப் பெட்டியில் காயவைத்துத் தூளாக்குவது என் பொறுப்பு. சூடு கொஞ்சம் கூடினால் தூள் கருகும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் நான் நாள் முழுக்கத் தெர்மாமீட்டரும் கையுமாகத்தான் திரிவேன். துரைக்கு அடுத்தபடியாக அந்தத் தோட்டத்தில் டிகிரி பார்க்கத் தெரிந்தவன் நான்தான் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை அளக்கத்தான் எந்தக் கருவியும் கிடையாது. யாராவது "குளிரா இருக்கே" என்றால் "ஐம்பத்திரண்டு" என்பேன். அவர்கள் முகத்தைப் பார்த்து ரசிப்பேன். சகிக்க முடியாத ஆசாமி, இல்லையா?

இந்தக் கர்வத்தில்தான் என் கல்யாணம் கவிழப் பார்த்தது.

காதர் மரைக்காயர் காரைக்கால்காரர். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை ஊருக்குப் போய்ச் சரக்கு எடுத்துக்கொண்டு வருவார். கம்பளி மூட்டையோடு எங்கள் தோட்டத்துக்கு வரும்போது என் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிக்காமல் போகமாட்டார். "தம்பி, எங்க ஊருல எனக்குப் பக்கத்து வீட்டுக்காரரு, துறைமுகக் கிட்டங்கியப் பாத்துக்குறாரு. தங்கமான மனுசன். அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு" என்று ஒரு நாள் ஆரம்பித்தார். ஒரு இந்து வீட்டுக் கல்யாணத்தை அவர் பேசி முடித்தார் என்று இன்றைக்குச் சொன்னால் சிலர் புருவத்தை உயர்த்துகிறார்கள். அன்றைக்கு யாரும் உயர்த்தவில்லை.

பேச்சு முற்றி வரும்போது மரைக்காயர் கேட்டார். "பொண்ணோட வாப்பா எல்லாத்துக்கும் அளவு கேக்குற ஆளு. உங்க ஊருல குளிரு எம்புட்டுன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

"அம்பது டிகிரின்னு சொல்லுங்க பாய்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி என்பதோ, அங்கே நீளத்தை மீட்டரிலும் கனத்தைக் கிலோவிலும் சூட்டை வேறொரு டிகிரியிலும் அளக்கிறார்கள் என்பதோ எனக்குத் தெரியாது. தமிழ் பேசுகிற ஊரில் தமிழ் அளவுதானே இருக்கும், இல்லாவிட்டால் நம்முடைய இங்கிலீஷ் அளவு இருக்கும் என்று நினைத்தேன். அங்கே சித்திரை வெயிலில் காக்காய் மயங்கி விழுகிற அன்றைக்கே நாற்பதுதான் காட்டுமாம். ஐம்பது என்று கேட்டதும் என் வருங்கால மாமனார் ஆடிப்போய்விட்டார். "அது சூடு இல்ல, குளிரு" என்று மரைக்காயர் தலைபாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் நம்பவில்லை. "மரைக்காரே, மனுசன் வாய் பொய் சொல்லும், டிகிரி பொய் சொல்லாது. மாப்புள அதையே தொழிலாச் செய்யிற ஆளு. அவரு அம்பதுன்னா அம்பதுதான்" என்று சாதித்துவிட்டார்.

பெண் வீட்டில் கல்யாணம் நடப்பதுதான் முறை. ஆனால் கொழுந்து மும்முரத்தில் துரை எனக்கு லீவு தரவில்லை. அதனால் அவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் ரயிலேறி, தை மாதத்து விடியலில் அப்புத்தளை ஸ்டேஷனில் வந்து இறங்கினார்கள். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூடுபனியில் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. ரயில் பெட்டியிலிருந்து முதலில் இறங்கியது பனையோலை விசிறிக் கட்டு. அப்புறம் ஒரு மண்கூஜா. அப்புறம் சன்னலுக்குக் கட்டுகிற வெட்டிவேர்த் தட்டிகள், சுருட்டிச் சுருட்டி. அதற்கும் பின்னால், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய புடவையில், பல்லெல்லாம் தந்தியடிக்க ஒரு பெண். நான் கட்டிக்கொள்ளப் போகிறவள்.

மாமனார் என்னை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒரு நீளக் கண்ணாடிக் குழாயை எடுத்துப் பிடித்தார். "மாப்புள, பதினொண்ணு காட்டுது! அம்பது எங்க?"

"இல்ல மாமா, இன்னைக்கு அம்பத்திரண்டு. இப்பத்தான் தொழிற்சாலையில பாத்துட்டு வர்றேன். உங்க கண்ணாடி கெட்டுப்போச்சு."

"என் கண்ணாடியா கெட்டுப்போச்சு? பிரெஞ்சுக் கப்பல்ல இருந்து வாங்குனதாக்கும்!"

கல்யாணப் பெண் நடுங்கிக்கொண்டு நிற்க, மாப்பிள்ளையும் மாமனாரும் பிளாட்பாரத்தில் டிகிரிக்குக் கட்டிப் புரளாத குறை. கூட வந்திருந்த மரைக்காயர்தான் தன் சரக்கு மூட்டையைப் பிரித்து ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திவிட்டார். "மொதல்ல மூடிக்குங்க, அப்புறம் சண்ட போடுங்க!"

வீட்டுக்கு வந்ததும் என் தெர்மாமீட்டரையும் அவருடையதையும் கொதிக்கிற தண்ணீரில் சேர்த்து விட்டோம். என்னுடையது இருநூறைத் தாண்டிப் போய் நின்றது. அவருடையது தொண்ணூற்றைந்தில் நின்றது. அப்போதுதான் இது இரண்டு தேசத்துக் கணக்கு என்று எங்கள் இருவருக்கும் மெல்ல வெளுத்தது. இரண்டும் சரிதான். ஆனாலும் அவருக்கு ஒரு குறை. "தண்ணி நூறுலதான் கொதிக்கணும். இங்க தொண்ணூத்தஞ்சுலயே கொதிச்சுப்போச்சு. உங்க ஊருல தண்ணிக்குக்கூடப் பொறுமை இல்ல!" மலை உச்சியில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை. அன்றைக்கு வாங்கியது போதும் என்றிருந்தது.

இதற்குப் பிறகு ஒரு ஜெர்மன்காரர் இயந்திரம் பொருத்த வந்து, அதே குளிரைத் தன் தேசத்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு எட்டு என்றார். ஐம்பது, பத்து, எட்டு, அப்புறம் லயத்தில் இரண்டு கம்பளி. நடுங்குகிற உடம்பு ஒன்றுதான்.

கல்யாணப் பந்தலிலும் இந்தக் கூத்து விடவில்லை. மாமனார் பத்து மீட்டர் நீளம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் ஆட்கள் மீட்டரைக் கண்டார்களா? பத்துக் கஜம் போட்டுவிட்டார்கள். சரியாக ஒரு ஆள் உட்காருகிற இடம் குறைந்தது. தவில்காரர் பாதி பந்தலுக்குள்ளும் பாதி பனிக்குள்ளுமாக உட்கார்ந்து அடித்தார். கெட்டிமேளம் சும்மா அதிர்ந்தது. குளிருக்கு அவர் கை தானாக ஆடியதில் பாதி என்று பிற்பாடு பேசிக்கொண்டோம்.

ஆனால் இந்தச் சிரிப்புக்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருந்தது. மாமனார் தன் மூத்த மகளை நெஞ்சுச் சளியில் பறிகொடுத்தவர். ஐப்பசி மழையில் நனைந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம். இருந்த ஒரே பெண்ணைக் கொண்டுவந்து இந்தக் குளிரில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசே இல்லை. ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு அந்தக் கண்ணாடிக் குழாயை மகள் கையில் கொடுத்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்புள, உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க ஊரத்தான் பிடிக்கல. வீட்டுக்குள்ள பதினஞ்சுக்குக் கீழ எறங்கக் கூடாது. மரைக்கார் வந்து போறப்பல்லாம் பாத்துச் சொல்லட்டும். அடுத்த தைக்கு நானே வருவேன். பதினஞ்சு இல்லன்னா எம் பொண்ணக் கையோட கூட்டிட்டுப் போயிருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

கோவிக்க என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே கூட்டிப்போயிருப்பேன்.

முதல் மாதம் தையல் அழாத நாளில்லை. உதடு வெடித்தது, கால் வெடித்தது. "இந்த ஊர்ல சூரியனுக்கு லீவே முடியாதாங்க?" என்று கேட்பாள். நான் அந்தக் கண்ணாடியைத் தொழிற்சாலை விதிப்படி மாட்டியிருந்தேன். நெருப்புக்குப் பக்கம் கூடாது, வெயில் படக் கூடாது, காற்று பட வேண்டும். அதனால் முன்னறையில் கதவோரம் மாட்டினேன். காலையில் பார்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று. பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். எனக்குப் பயமாக இருந்தது. அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. இருக்கிறாயா, போகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். போகிறேன் என்று சொல்லிவிட்டால்? அதை நினைத்தே வாயைக் கட்டிக்கொண்டேன்.

வரவர அழுகை குறைந்தது. லயத்துப் பெண்கள் வந்து கம்பளியைத் தலையோடு சேர்த்துக் கட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் பழகினாள். கொண்டுவந்த வெட்டிவேர்த் தட்டிகளைக் காற்று வராமலிருக்கச் சன்னலில் கட்டினாள். பனி பட்டுப் பட்டு அது நனைந்து மணக்கும். அப்புத்தளையிலேயே வெட்டிவேர் மணக்கிற வீடு எங்களுடையது ஒன்றுதான். வருகிறவர்கள் எல்லாம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே வருவார்கள்.

இந்தச் சமயத்தில் ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், கதவோரம் கண்ணாடியைக் காணோம். அது எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையலறை அடுப்பு. சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. அதில் தேங்காயெண்ணெய்ப் போத்தலை வைத்தால் எந்நேரமும் உருகியே இருக்கும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அந்தப் போத்தலுக்கு மேலே தொங்குகிறது தெர்மாமீட்டர்! இருபது காட்டுகிறது.

எனக்குத் தொழில் புத்தி பொங்கிவிட்டது. "என்ன காரியம் பண்ணியிருக்க? அடுப்புச் சுவருல மாட்டுனா தப்பாக் காட்டாதா?"

"அப்படியாங்க? எனக்கு என்னத்தத் தெரியும். அங்க ஒரு ஆணி இருந்துச்சு, மாட்டுனேன்."

தெர்மாமீட்டர் மாட்டுகிற சாஸ்திரத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டாள். நான் திரும்பவும் கதவோரம் மாட்டினேன். மறுநாள் அது திரும்பவும் அடுப்புச் சுவரில் இருந்தது. மறுபடியும் பிரசங்கம். மறுபடியும் "அப்படியாங்க?" தொழிற்சாலையில் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். பாவம், விவரம் பத்தாது என்று சொல்லிக்கொண்டேன். கடைசியில் எனக்கே சலித்துப்போய் விட்டுவிட்டேன். மரைக்காயர் வரும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். "மாஷா அல்லா, இருபது!" என்று காரைக்காலுக்குச் செய்தி கொண்டுபோவார். அவருக்கு முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். ஊருக்கு நல்ல சேதி கொண்டுபோகிற சந்தோஷம் என்று நினைத்தேன். விவரம் பத்தாதவன் யார் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்த தை வந்தது. மாமனாரும் வந்தார். ஸ்டேஷனுக்குப் புறப்படும் முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். கண்ணாடியை எடுத்து ஒழுங்காகக் கதவோரம் மாட்டினேன். பெண்ணைப் பெற்றவர், அவரைப் பொய் டிகிரி காட்டி ஏமாற்றி என் பெண்டாட்டியை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். பதின்மூன்று காட்டியது. வழியெல்லாம், அவள் போய்விட்டால் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்று அதையே நினைத்துக்கொண்டு போனேன். அவளிடம் மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை.

மாமனாரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். கதவோரம் வெறும் ஆணி. கண்ணாடி அடுப்புச் சுவரில்.

"ஏன் தையல், நான்தான் காலையிலேயே..." என்று வாயைத் திறந்துவிட்டேன். சமையலறை வாசலில் நின்று அவள் என்னைப் பார்த்தாள். ஒரு பார்வைதான். "ஏங்க, அப்பாவுக்கு நாற்காலி எடுத்துப் போடுங்க" என்றாள். அந்தக் குரலில்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. இந்த ஒரு வருஷமும் நான் கேட்கப் பயந்த கேள்விக்கு இவள் தினமும் ஆணியில் மாட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்! எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியை எடுத்துவந்து நானே அதில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் துள்ளி எழுந்தேன்.

மாமனார் உட்காரவில்லை. நேரே சுவருக்குப் போனார். கண்ணாடியைப் பார்த்தார். கீழே எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தார். பிறகு வலது கையை விரித்துச் சுவரில் பதித்தார்.

சுவர் கதகதவென்று இருக்குமே! அந்தப் பக்கம் தையல் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை அடுப்பில் மேலும் மேலும் செருகுகிற சத்தம் கேட்டது. சடசடவென்று எரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"இருபத்தொண்ணு" என்றார் கடைசியில். "நம்ம ஊரு மார்கழி மாதிரித்தான் இருக்கு. அம்மா தையல், அந்தத் தேத்தண்ணிய எனக்கும் கொஞ்சம் கொடு, குடிச்சுப் பாக்குறேன்."

கிட்டங்கியில் மூட்டை புரட்டிக் காய்த்துப்போன கை, சூடு தெரிந்திருக்காது என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இருந்த நாளெல்லாம் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார். மகளைக் கூட்டிப்போகிற பேச்சையே எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பும்போது நான்தான் ஸ்டேஷனில் ஏற்றிவிட்டேன். ரயில் அசைகிற நேரத்தில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என் கையைப் பிடித்தார்.

"மாப்புள, அடுப்பு மட்டும் அணையாமப் பாத்துக்குங்க."

ரயில் பனிக்குள் போய்விட்டது. நான் பிளாட்பாரத்தில் நின்று சிறு பிள்ளை மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தையலிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் அழுகையில் கொண்டுபோய் முடித்தாள். அடுப்பு அன்றைக்கும் அணையவில்லை, அதற்குப் பிறகும் நாங்கள் அங்கே இருந்தவரை அணையவில்லை. அவளுக்கு நெஞ்சுச் சளி ஒரு தடவைகூட வரவில்லை. வந்ததெல்லாம் எனக்குத்தான்.

மாமனார் போய்விட்டார். மரைக்காயரும் போய்விட்டார். அந்தக் கண்ணாடிக் குழாய் நாங்கள் பதுளைக்கு மாறி வந்தபோது வண்டியில் உடைந்து, ரசம் முத்து முத்தாக உருண்டு வைக்கோலுக்குள் போயிற்று. இந்தப் புதுத் தெர்மாமீட்டர் வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. இப்போதுதான் பதுளைக்கே ரயில் வந்துவிட்டதே, நேற்று காலையில் ஏறி அப்புத்தளைக்குப் போய்விட்டோம். தொழிற்சாலையைப் பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் வீடு இல்லை. வெட்டிவேர் கட்டிய சன்னல் இல்லை. அடுப்புச் சுவர் மட்டும் பாதி நிற்கிறது, கருங்கல் என்பதால் இடிக்கச் சோம்பல்பட்டிருப்பார்கள். அதில் விறகு சாய்த்து வைத்திருந்தார்கள்.

தையல் விறகை ஒதுக்கிவிட்டுச் சுவரில் கையை வைத்தாள். நானும் வைத்தேன். சில்லென்று இருந்தது.

"பதிமூணு இருக்கும்" என்றாள்.

"அம்பதுகூட இருக்காது" என்றேன்.

"ஆமா, உங்களுக்கு ரொம்பத் தெரியும்!"

புதுத் தெர்மாமீட்டரைப் பதுளையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தோம். எடுத்து வந்திருந்தாலும், சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு இருபத்தொன்று என்று சொல்ல அவர் இல்லை.